குடியரசு நாளும் மனச்சான்றுச் சுதந்திரமும்

இந்திய அரசமைப்பின் 25ஆம் உறுப்பு முதலில் மனச்சான்றுச் சுதந்திரத்தைக் கூறுகிறது. அதன் பின்னரே சமயத்தை வெளிப்பட ஏற்கவும், கைக்கொள்ளவும், பரப்பவும் உள்ள உரிமையைக் கூறுகிறது. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இவ்வுறுப்பில் 'பரப்புதல்' என்னும் சொல் எளிதில் இடம்பெற்றுவிடவில்லை.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை இதை விவாதித்தது. சமயத்தைத் தனிப்பட்ட முறையில் மட்டுமே கைக்கொள்ள வேண்டும் என்று தஜமுல் ஹுசைன் திருத்தம் கொண்டுவந்தார். லோகநாத் மிஸ்ரா அச்சொல்லையே எதிர்த்தார். அதைக் காக்க எழுந்தவர்களுள் இந்துக்கள் பலர். கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் பல்லாண்டுகள் பயின்றும் தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்றார் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவச் சமூகத்துடன் எட்டப்பட்ட இணக்கத்தின் பயனே அச்சொல் என்று கே.எம்.முன்ஷி நினைவூட்டினார்.

அவ்விணக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. சபையின் துணைத்தலைவர் எச்.சி.முகர்ஜி வங்கக் கிறிஸ்தவர். சமயச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் தனி இடஒதுக்கீடு வேண்டா என்ற தீர்மானத்தை 1949 மே மாதம் ஆலோசனைக் குழுவில் முன்மொழிந்தவர் அவரே. ஒதுக்கப்பட்ட இடங்களைக் கைவிட்ட சமூகம், குடிமக்கள் அனைவருக்கும் பொதுவான உரிமையை நம்பியது.

இந்நம்பிக்கைக்கு விவிலியத்தில் வேர் உண்டு. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு யோவான் நற்செய்தியில் 'விடுதலை' என்றும், பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் 'சுயாதீனம்' என்றும் கூறுகிறது. முன்னது கட்டிலிருந்து நீங்குதல். பின்னது நீங்கியபின் தன்வயமாய் நிற்றல். அச்சுயாதீனத்தின் பயனாகப் பவுல் காட்டுவது அன்பினால் பிறருக்கு ஊழியம் செய்வதை. அடிமை, சுதந்திரன் என்ற வேற்றுமை கிறிஸ்துவுக்குள் இல்லை என்பதும் அதே நிருபத்தின் போதனை.

ஆனால் குடியரசு பிறந்து ஏழு மாதங்கள் நிறைவதற்குள், 1950 ஆகஸ்ட் 10 அன்று, குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்தது. இந்து சமயத்தைச் சாராதவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்பது அதன் மூன்றாம் பத்தியின் பொது விதி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. சமயத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தலித் கிறிஸ்தவருக்கு அவ்வாயில் இன்னும் திறக்கவில்லை.

இதன் பொருள் கடுமையானது. மனச்சான்றின்படி திருமுழுக்குப் பெறும் ஒரு தலித், தம் மனச்சான்றுக்கு விலை கொடுக்கிறார். அவ்விலை கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் சட்டப் பாதுகாப்பிலும் கணக்கிடப்படுகிறது. திருமுழுக்கால் சாதி கரைந்துவிடும் என்பது ஆணையின் ஊகம். தனிக் கல்லறைகளையும் தனித் தெருக்களையும் நெடுங்காலம் பொறுத்துக்கொண்ட திருச்சபைகளின் வரலாறே அவ்வூகத்தைப் பொய்யாக்குகிறது.

ஆகவே குடியரசு நாளில் ஆலயங்களில் ஏறெடுக்கப்படும் நன்றி மன்றாட்டு இருமுனைக் கேள்வியாகவும் அமைய வேண்டும். முதல் உரிமையாக எழுதப்பட்ட மனச்சான்றுச் சுதந்திரத்தை விலையின்றி வழங்க அரசு எப்போது முன்வரும்? பவுல் போதித்த சுயாதீனத்தைத் தன் கல்லறைத் தோட்டத்திலிருந்தே கடைப்பிடிக்கத் திருச்சபை எப்போது தொடங்கும்? இரண்டாம் கேள்விக்கு விடை காண எந்த ஆணையும் திருத்தப்பட வேண்டியதில்லை.