தவறணையை மூடிய வரலாறும் ஒரு அறையைத் திறந்த வரலாறும்

கடந்த வருடம் எங்களுடைய நண்பன் ஒருவனின் அப்பா பத்து நாள் வாட்டில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். துண்டு வெட்டும்போது டொக்டர் சொன்னார்: "குடியை விட்ட ஆக்களோட சேருங்கோ. கூட்டங்களுக்குப் போங்கோ." எந்தக் கூட்டம், எங்கே, என்ன கிழமை? அதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிறகு நாலு பேர் சேர்ந்து தேடினோம். கொழும்பில் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில், தமிழில், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. களைத்துப்போய்த்தான், இப்படியொரு கூட்டம் முதலில் எப்படித் தோன்றியது என்று வாசிக்கத் தொடங்கினோம்.

குடி பற்றி எங்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தந்த வரலாறு வேறு. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கம், அதில் சேனநாயக்க சகோதரர்கள், அது தேசிய அரசியலுக்குப் போட்ட பாதை. அந்த வரலாற்றின் கேள்வி, தவறணை இருக்கலாமா கூடாதா என்பது. தவறணைக்குள் இருந்த மனிதன் அதில் ஒரு எச்சரிக்கைப் படமாக மட்டுமே வருகிறான். அவனிடம் யாரும் கதை கேட்கவில்லை.

அவனிடம் கதை கேட்ட முயற்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1840இல் போல்ரிமோர் நகரத்தில், ஒரு மதுச்சாலையில் கூடிக் குடித்துக்கொண்டிருந்த ஆறு பேர் இனிக் குடிப்பதில்லை என்று தங்களுக்குள் உறுதி எடுத்தார்கள். வொஷிங்டோனியர் என்று பெயர் வைத்தார்கள். பிரசங்கம் இல்லை, குடித்தவனே எழுந்து தன் கதையைச் சொல்வான். சில வருடங்களில் பெரும் கூட்டம் சேர்ந்தது. ஆனால் மதுவிலக்குச் சட்டம், அரசியல், உள்சண்டை என்று இழுபட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிட்டத்தட்டக் கலைந்துபோனது.

அடுத்த கதை 1935 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் அக்ரோன் நகரம். நியூயோர்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்பவரின் வியாபார முயற்சி தோற்றுவிட்டது. குடியை விட்டு ஐந்து மாதம்தான். மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார், மற்றப் பக்கம் ரெலிபோன். இன்னொரு குடிகாரனோடு கதைத்தால்தான் இன்றிரவு தான் தப்புவேன் என்று அவருக்குப் பட்டது. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குக் கோல் எடுத்தார். அவர் தந்த பெயர்கள் வழியாக ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த நாள் அவருடைய வீட்டில்தான் டொக்டர் பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், பெருங்குடிகாரர். பதினைந்து நிமிடம் இருப்பேன் என்று வந்தவர் மணிக்கணக்காக இருந்தார். காரணம் எளிது: எதிரில் இருந்தவர் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார்.

இடையில் ஸ்மித் மறுபடியும் ஒருமுறை குடித்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் 'அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்' தன் தொடக்கநாளாகக் கொள்கிறது. 'பெயர் சொல்லாத குடிநோயாளர்' என்று நாங்கள் அதைத் தமிழாக்கிக்கொண்டோம்.

எங்களைப் போலவே அன்றும் ஆட்கள் தேடி அலைந்தார்கள். 1939இல் அவர்கள் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். 1941 மார்ச்சில் ஒரு பெரிய வார இதழில் ஜக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வந்ததும் நியூயோர்க் அலுவலகத்தில் கடிதங்கள் குவிந்தன. ஏறத்தாழ 2000 ஆக இருந்த உறுப்பினர்கள் அந்த வருட முடிவில் 8000 ஆனார்கள். பக்கத்தில் குழு இல்லாதவர்களுக்குக் கடிதமே கூட்டமானது. 1951இல் குடும்பத்தவர்களுக்கான அல்-அனொன் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ்.

வொஷிங்டோனியருக்கு நடந்தது தங்களுக்கு நடக்கக்கூடாது என்று வெளிக்காசு வாங்குவதில்லை, வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்று விதி வைத்தார்கள். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடியோடு போராடுகிறவர்களுக்கு மட்டும்.

கேள்விகள் இருக்கின்றன. பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்று சேர்த்திருந்தாலும் எல்லோருக்கும் அது ஒத்துவராது. கூட்டம் மருத்துவத்துக்குப் பதிலும் அல்ல. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் வைத்திய உதவியின்றிச் சடாரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆனாலும் 2020இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத்தொகுப்பு, 27 ஆய்வுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமலிருக்க இந்த வழி மற்றச் சிகிச்சைகளை விடக் கூடுதலாக உதவுகிறது என்று முடிவு சொன்னது.

எங்கள் ஊரில் பெரிய தடை வேறு. 'பெயர் சொல்லாமல்' என்றால் சிரிப்பு வரும். சைக்கிள் சத்தத்தை வைத்தே இன்னார் போகிறார் என்று சொல்லும் ஊர் இது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் குடிக்கிறார் என்பது ஊருக்கு ஏற்கனவே தெரியும். ஒளிக்க வேண்டியது பெயரை அல்ல, அறைக்குள் சொன்ன கதையை. அதை வெளியில் கொண்டுபோகாத நாலு பேர் எங்களிடம் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நண்பனின் அப்பா இன்னும் கூட்டம் ஒன்றுக்கும் போகவில்லை. ஆனால் பின்னேரங்களில், மூன்று வருடமாகக் குடிக்காத ஒரு மேசன் ஐயா அவரிடம் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். இரண்டு பேர் கூடினாலே அது ஒரு குழு என்று அவர்களுடைய மரபு சொல்கிறது. வாசிகசாலையின் பின்னறை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு யாரிடம் என்று நாங்கள் விசாரித்து வைத்திருக்கிறோம்.