யாருக்காகச் சாய்ந்தது இந்தக் கோணம்?

மவுண்டன் பைக்கின் ஐம்பது வருட வரலாற்றை ஒரே ஒரு கோணத்தை வைத்துச் சொல்லிவிடலாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், ஃப்ரேமுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். அது தரையோடு எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்பதுதான் அந்தக் கோணம். ஹெட் ஆங்கிள் என்பார்கள். 1990களின் ரேஸ் சைக்கிள்களில் அது 71 டிகிரி. இன்றைய ட்ரெயில் பைக்குகளில் 64, 65. கேட்பதற்கு ஆறேழு டிகிரிதான். ஆனால் யார் ஓட்டினார்கள், எங்கே ஓட்டினார்கள், யாரை மனசில் வைத்து வரைந்தார்கள் என்ற கதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

நான் 163 சென்டிமீட்டர் உயரம். வாரநாட்களில் மென்பொருள் எழுதுகிறேன், வார இறுதியில் மண்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறேன். புது மாடல் எது வந்தாலும் நிறத்தைப் பார்க்கும் முன் அதன் அளவு அட்டவணையைத்தான் திறப்பேன். அந்த அட்டவணை எனக்குப் பழக்கமான ஒன்றை நினைவுபடுத்தும்: யாரோ எப்போதோ ஒரு காரணத்துக்காக வைத்த ‘டிஃபால்ட்’ மதிப்பு. காரணம் மறந்துபோன பிறகும் எண் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் எண் அப்படித்தான் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், டமல்பையஸ் மலையைச் சுற்றி, 1970களில் ஒரு கூட்டம் 1930, 40களின் கனத்த ஷ்வின் சைக்கிள்களை மேலே ஏற்றிக்கொண்டு போய் மண்சாலையில் உருட்டி விளையாடியது. 1976 அக்டோபரில் அதைப் பந்தயமாகவே ஆக்கினார்கள். சுமார் மூன்றேகால் கிலோமீட்டர், 400 மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூடேறிப் புகைந்து தீர்ந்துவிடும், திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்தின் பெயரே ‘ரீபேக்’. கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடிதான் அங்கே சாதனை. வெண்டி கிராக் என்ற பெண்ணும் அந்தக் கூட்டத்தில் ஓட்டினார். அந்தக் காலத்தை இன்று நாம் பார்க்க முடிவது பெரும்பாலும் அவர் எடுத்த படங்களால்தான்.

1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு ஃப்ரேமைப் புதிதாகச் செய்தார். குழாய்கள் புதுசு, இணைப்புகள் புதுசு. ஆனா கோணங்களைப் பழைய ஷ்வின் எக்செல்சியரிலிருந்துதான் எடுத்தார், ஏன்னா இறக்கத்தில் அது நிலையாக நின்றது. தெருவில் சொகுசாக ஓட்டுவதற்காகச் செய்த ஒரு சைக்கிளின் சாய்வு, மலைச் சைக்கிளின் முதல் ஜியோமெட்ரி ஆகிவிட்டது.

அடுத்த பத்தாண்டில் அந்தச் சாய்வு நிமிர்ந்தது. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்து மவுண்டன் பைக் கடைச்சரக்கானது. 1983இல் நோர்பா என்ற அமெரிக்கப் பந்தய அமைப்பு உருவானது. பந்தயத்தில் அதிக நேரம் கழிவது ஏற்றத்தில். ஆகவே 71 டிகிரி முன்கோணம், 73 டிகிரி சீட் கோணம், ஹேண்டில்பாரை முன்னால் தள்ளிவைக்கும் நீளமான ஸ்டெம். ‘நோர்பா ஜியோமெட்ரி’ என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. 1990இல் டுராங்கோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ், எல்லாம் இந்த உருவத்தின் காலம். வாரயிறுதியில் சும்மா ஓட்டுகிறவர்களுக்கும் கடையில் கிடைத்தது அதுவேதான். ஏற்றத்தில் துல்லியமாகப் போகும். செங்குத்தான இறக்கத்தில் ஒரு கல் தடுத்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

மறுபடியும் சாய ஆரம்பித்ததற்குப் பல காரணங்கள். 1989இல் ராக்ஷாக்ஸின் சஸ்பென்ஷன் ஃபோர்க் வந்தது. 1990களின் இறுதியில் கேரி ஃபிஷரே ஃப்ரேமை நீட்டி ஸ்டெம்மைக் குறைத்துப் பார்த்தார். 2010களில், பட்டனை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் டிராப்பர் போஸ்ட் பரவியது. 2013இல் எண்டூரோ உலகத் தொடர் தொடங்கியது. அதில் இறக்கத்துக்கு மட்டும்தான் கடிகாரம் ஓடும். அதே சமயத்தில் ஸ்பெயினின் மொன்ட்ரேக்கர், ஃப்ரேமை மிக நீளமாகவும் ஸ்டெம்மை விரற்கடை அளவாகவும் செய்தது. பிரிட்டனில் கிறிஸ் போர்ட்டர், சைக்கிள்கள் எல்லாமே குட்டையாக இருக்கின்றன என்று விடாமல் வாதாடினார். பிங்க்பைக் தளத்தினர் பாதி வேடிக்கையாக 57 டிகிரியில் ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். இறக்கத்தில் அது வேகமாகவே போனது.

சாய்வு ஏன் உதவுகிறது? சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது தன் அச்சுக்குப் பின்னால் இழுபடுவதால்தான் வண்டி போகும் திசையில் தானே திரும்பிக்கொள்கிறது. முன்கோணம் சாயச் சாய இந்த இழுபடும் தூரம் கூடும். வேகத்தில் ஹேண்டில்பார் பதறாது. சக்கரம் முன்னால் தள்ளி இருப்பதால் ஆளைத் தூக்கி எறியவும் செய்யாது. இது உண்மையான லாபம். புதிதாகக் கற்பவரையும் காப்பாற்றும். பழைய 71 டிகிரிக்குத் திரும்பணும்னு நான் சொல்லமாட்டேன்.

ஆனா விலை உண்டு. அதே கோணம் மெதுவான ஏற்ற வளைவில் முன்சக்கரத்தை ஒரு பக்கமாகத் தொங்கவைக்கும். நீண்ட சைக்கிளை கொண்டை ஊசி வளைவில் திருப்ப இடம் போதாது. 77 டிகிரி சீட் கோணம் செங்குத்து ஏற்றத்தில் அருமை. சமதளத்தில் உடம்பு பெடலுக்கு மேலேயே நிற்பதால் பாரம் மணிக்கட்டில் இறங்கும். வேகமும் செங்குத்தும் இல்லாத பாதையில் ஓட்டுகிறவர் லாபத்தை வாங்காமலே விலையை மட்டும் கொடுக்கிறார்.

அதைவிட முக்கியம் உடம்பின் அளவு. ஸ்மாலிலிருந்து எக்ஸ்ட்ரா லார்ஜ் வரை பல மாடல்களில் முன்பகுதி மட்டுமே நீள்கிறது. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர மையம் வரையிலான செயின்ஸ்டே எல்லா சைஸிலும் ஒரே எண். உயரமானவருக்கு முன்பகுதி நீண்டு பின்பகுதி குட்டையாகிறது. பாரம் பின்னால் போய், தட்டையான வளைவில் முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். என் அளவுள்ளவருக்கு அதே செயின்ஸ்டே நீளமாகிவிடுகிறது, முன்சக்கரத்தைத் தூக்குவது பாடு. 29 அங்குலச் சக்கரமும் நீண்ட ஃபோர்க்கும் சேர்ந்து ஹேண்டில்பாரை உயர்த்திவிடும். இறக்கத்தில் பின்னால் சாய்ந்தால் டயர் இடுப்பைத் தொடும். சீட் கோணத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கு. நிஜக் குழாய் அட்டவணை சொல்வதைவிட அதிகம் சாய்ந்திருப்பதால், சீட்டை உயர்த்த உயர்த்த அது பின்னால் போகும். அட்டவணையில் ஒரே 76 தான். நெட்டையானவர் உட்காரும் இடம் வேறு, குட்டையானவர் உட்காரும் இடம் வேறு.

இது தெரியாத கேள்வியும் இல்லை. 1985இல் ஜார்ஜினா டெர்ரி என்ற அமெரிக்க மெக்கானிக்கல் எஞ்சினியர், உயரம் குறைந்த பெண்களுக்காக முன்னால் மட்டும் 24 அங்குலச் சக்கரம் வைத்த சாலை சைக்கிள்களைச் செய்து விற்றார். பெரிய ஃப்ரேமை அப்படியே சுருக்கினால் சின்ன ஃப்ரேம் வராது என்று அவருக்குப் புரிந்திருந்தது. கனடாவின் நார்கோ போன்ற சிலர் பின்னாளில் சைஸுக்கு ஏற்ப செயின்ஸ்டேயை மாற்றினார்கள். செய்ய முடியாததல்ல. சைஸுக்கு ஒரு பின்பகுதி என்றால் அச்சுகளும் பாகங்களும் கூடும், செலவும் கூடும். அதனால்தான் பலர் செய்வதில்லை.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். சைக்கிள் பொருந்தாதபோது ஓட்டுகிறவர் சைக்கிளைச் சந்தேகப்படுவதில்லை, தன்னைத்தான் சந்தேகப்படுகிறார். வளைவில் வழுக்கினால் ‘எனக்குத் திறமை பத்தலை’, முன்சக்கரம் எழும்பலைன்னா ‘எனக்குத் தெம்பு இல்லை’. பயிற்சி எடுக்கிறார், ஓடாத தசைக்கெல்லாம் உடற்பயிற்சி செய்கிறார், ஒரு கட்டத்தில் விட்டுவிடுகிறார். ரீபேக் கூட்டத்தின் இறக்கம், நோர்பாவின் ஏற்றம், எண்டூரோவின் கடிகாரம் என்று ஒவ்வொரு கோணமும் யாரோ ஒருவருடைய பாதைக்குச் சரியாகவே இருந்திருக்கிறது. அது உங்கள் பாதையா, உங்கள் உடம்பா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். அட்டவணையில் செயின்ஸ்டே வரியைத் தேடுங்கள். எல்லா சைஸுக்கும் ஒரே எண் போட்டிருந்தால், அந்த எண் எந்த சைஸுக்காரருக்காகப் போடப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள்.