பம்பாயின் பொது உணவிடங்களும் ஜைனர் உணவு நெறியும்

பம்பாய்ப் பல்கலைக்கழக வளாகத்தில் ஓங்கி நிற்கும் ராஜாபாய் கோபுரத்தைக் காண்போர் அதனை ஆங்கிலேயர் காலத்துக் கட்டடக்கலைச் சின்னமாகவே கருதிக் கடந்து செல்வர். அப்பெயருக்கு உரியவர் ஒரு ஜைன மூதாட்டியார் என்பதைப் பலர் அறியார். பருத்தி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் (1831-1906), தம் அன்னையின் பெயரை அதற்கு இடவேண்டும் என்ற வேண்டுகோளுடன் 2 லட்சம் ரூபாய் வழங்கினார். 1869-இல் தொடங்கிய பணி 1878-இல் நிறைவெய்தியது. அவ்வன்னையார் கண்பார்வை இழந்தவர். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நெறியில் வழுவாதவர். பிறரைக் கேளாமல் மணியோசையாலேயே பொழுதறிந்து உண்ணட்டும் என்றே மைந்தர் இக்கோபுரத்திற்கு உதவினார் என்று அந்நகரத்தார் கூறுவர். செவிவழிச் செய்தியே ஆயினும், தலைமுறைகள் கடந்தும் மறவாது சொல்லப்பட்டு வருவது.

வீட்டில் இருந்த அன்னைக்கு மணியோசை போதுமானதாயிற்று. வீட்டை நீங்கித் தொழிலுக்கும் அலுவலுக்கும் சென்றவர்கள் எங்கே உண்டார்கள்? பல நாட்டவரும் பல சமயத்தவரும் நெருங்கி வாழ்ந்த ஒரு மாநகரில் உணவு நெறி உடையவர்கள் அதனைக் காத்துக்கொண்டே பசியாறியது எங்ஙனம்? பம்பாயின் எளிய உணவிடங்களின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறுகின்றது.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானாவிற்கு முதல் பயணிகள் புகைவண்டி ஓடியது. 1854-இல் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்னும் பார்சி வணிகர் நிறுவிய நூற்பாலை 1856-இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் ஆலைகள் பெருகின. ரத்னகிரி, சாத்தாரா முதலிய மாவட்டங்களிலிருந்து ஆடவர் பல்லாயிரவர் தனியே வந்து சேர்ந்தனர். மனைவி மக்கள் ஊரில் இருக்க, ஓர் அறையில் பலர் முறைவைத்து உறங்கினர். அடுப்பு மூட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை. இவர்களுக்கு உணவளித்தவை ‘கானாவள்’ எனப்பட்ட வீட்டு உணவகங்கள்.

கானாவள் என்பது பெயர்ப்பலகை தாங்கிய கடை அன்று. ஆலைத்தொழிலாளி ஒருவரின் மனைவியோ கைம்பெண் ஒருவரோ தம் சிற்றறையில் பத்துப் பதினைந்து பேருக்கு பக்ரியும் பருப்பும் காய்கறியும் சமைத்து இடுவார். கணக்கு மாதக் கணக்கு. சம்பள நாளில் பணம் வரும். மளிகைக் கடையில் அவர் கடன்பட்டிருப்பார். அவரிடம் உண்பவர் கடன்பட்டிருப்பர். ஆலையில் வேலைநிறுத்தம் வந்தால் அச்சங்கிலி முழுவதும் அறும். இப்பெண்டிரின் உழைப்பைத் தொழிலாக மதித்து வங்கிக் கடன் பெற்றுத்தரும் முயற்சியாக 1975-இல் பிரேமா புரவ் என்னும் அம்மையார் அன்னபூர்ணா மகிளா மண்டலை நிறுவினார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஆலைகளை விட்டு வெளியேறினர். பெரும்பாலான ஆலைகள் மீளவே இல்லை. கானாவள்கள் பலவும் அவற்றோடு அணைந்தன. நகரின் வரலாற்றை எழுதியோர் ஆலை முதலாளிகளுக்குத் தந்த பக்கங்களில் பத்திலொரு பங்கையேனும் இவ்வடுப்படிகளுக்குத் தந்திருக்கலாம்.

எழுத்தர்களும் வணிகரும் வேறொரு வழியைக் கண்டனர். 1890-இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் சிறு குழுவினரைக் கொண்டு தொடங்கியதாகக் கூறப்படும் டப்பாவாலா முறை, வீட்டு உணவை அலுவலக மேசைக்கே கொண்டு சேர்த்தது. பூணே மாவட்டத்து மலைப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்த மராத்தியரே இதில் மிகுதி. மூடியின்மேல் எழுதப்பட்ட வண்ணக் குறியும் எண்ணும் எழுத்தும் எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், எந்தக் கட்டடத்தில் எந்த மாடி என்பதைச் சொல்லும். கொரோனா தொற்றுக்கு முன் ஏறத்தாழ 5000 பேர் நாள்தோறும் சுமார் 2 லட்சம் அடுக்குகளைச் சுமந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. ஜைன இல்லங்களுக்கு இஃது ஒரு பெருவாய்ப்பு. வெங்காயமும் பூண்டும் கிழங்கும் சேராத சமையல், தன் வீட்டு அடுப்பில் தாயோ மனைவியோ சமைத்தது, பிறர் கைபடாமல் நண்பகலுக்குள் வந்து சேரும். நெறியைக் காக்க நகரோடு போராட வேண்டியதில்லை. மாதக் கூலி கொடுத்தால் போதும்.

மாணவர் நிலை கடினமானது. கல்விக்காக வந்த இளைஞருக்கு வீடும் இல்லை, அடுக்கும் இல்லை. திகம்பர மரபினரான சேட் மாணிக்சந்த் தம் தந்தையார் பெயரில் ஹீராசந்த் குமான்ஜி ஜைன விடுதியைப் பம்பாயில் நிறுவியதும், 1914-இல் மகாவீர் ஜைன வித்யாலயம் தோற்றுவிக்கப்பட்டதும் இக்குறை நீக்கவே. அவற்றின் சமையலறைகள் கல்வி வரலாற்றில் இடம்பெறத் தக்கவை. பொழுது மறையுமுன் உணவு கிடைக்கும் என்ற உறுதி இல்லையேல், சிற்றூர்ப் பெற்றோர் பலர் மைந்தரை அந்நகருக்கு அனுப்பியே இருக்கமாட்டார்கள்.

இனி, எவரும் நுழையலாம் என்று கதவைத் திறந்து வைத்த இடங்களைக் காண்போம். அவற்றுள் முதன்மையானவை ஈரானி ஓட்டல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து வந்த ஜரதுஷ்டிர சமயத்தவர் இவற்றைத் தொடங்கினர். தெருமுனைக் கடை ஆகாது என்று உள்ளூர் வணிகர் ஒதுக்கியதால் அவ்விடங்கள் இவர்களுக்கு எளிதில் கிடைத்தன என்பர். பளிங்கு மேசை, வளைமர நாற்காலி, சுவரெங்கும் கண்ணாடி, கல்லாவில் முதலாளி. தோபி தலாவ் பகுதியின் கயானி 1904-ஆம் ஆண்டையது. பல்லார்டு எஸ்டேட்டின் பிரிட்டானியா 1923-ஆம் ஆண்டையது. மொறுமொறுப்பான புரூன் ரொட்டியில் வெண்ணெய் தடவி, பாலும் சர்க்கரையும் மிகுந்த தேநீருடன் தருவர். ஒரு கோப்பைத் தேநீருக்கு ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தாலும் எழுப்பமாட்டார்கள். பங்குத் தரகரும் கூலித்தொழிலாளியும் மாணவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தனர். சாதி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. இந்திய நகரங்களின் வரலாற்றில் இது சிறிய செய்தி அன்று.

ஆயினும் நெறி வழுவாத ஜைனருக்கு ஈரானி ஓட்டல் தொலைவான இடமே. முட்டையும் இறைச்சியும் ஒரே சமையலறையில் ஆவன. தேநீர் அருந்தி எழுந்தோர் உண்டு. அங்கே உணவு கொண்டோர் சிலரே. இன்று அவ்வோட்டல்கள் சிலவே எஞ்சியுள்ளன.

தென்னாட்டார் கதை மாதுங்காவில் தொடங்குகின்றது. 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்க 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் வடபுறத்தே புதிய குடியிருப்புகளை வகுத்தது. தாதர், மாதுங்கா, சயான் பகுதிகள் அவ்வாறு எழுந்தவை. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர்கள் ரயில்வே அலுவலகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் வந்து மாதுங்காவில் குடியேறினர். 1937-இல் மணி லஞ்ச் ஹோம், 1940-இல் கஃபே மெட்ராஸ், 1942-இல் ரயில் நிலையத்தை அடுத்து ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் எனச் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து உணவகங்கள் தோன்றின. ராம நாயக் உணவகத்தில் வரம்புள்ள தட்டு, வரம்பற்ற தட்டு, வாழையிலைச் சாப்பாடு என்று பசிக்கும் பணத்திற்கும் ஏற்ற பிரிவுகள் உண்டு. சோறும் ரசமும் தயிரும் கிடைத்த அந்த இலையே, ஊரை விட்டு வந்த தனியாளுக்கு ஊராயிற்று.

உடுப்பி மடத்துச் சமையல் வெங்காயமும் பூண்டும் விலக்கியது. எனவே அவ்வழி வந்த உணவகங்கள் புலால் விலக்கியோர் அனைவருக்கும் ஓரளவு நம்பிக்கைக்குரிய இடங்களாயின. மாதுங்காவில் தென்னாட்டாரோடு கட்ச், குஜராத் ஜைனக் குடும்பங்களும் திரளாக வாழ்ந்தமையால், இட்லியும் தோசையும் அவர்கள் காலை உணவாகவே ஆகிவிட்டன. ஆனால் மசாலா தோசையின் உள்ளே உருளைக்கிழங்கு. நகர ஓட்டல் சாம்பாரில் பெரும்பாலும் வெங்காயம். இங்கும் கேட்டுத் தெளிந்து உண்ணவேண்டிய நிலையே இருந்தது.

தெருவோர உணவில் இச்சிக்கல் இன்னும் பெரிது. போர்ச்சுகீசியர் கொணர்ந்த பாவ் ரொட்டி நகர ஏழைகளின் உணவாயிற்று. ஆலைத்தொழிலாளர் விரைந்து உண்பதற்கென எழுந்தது பாவ் பாஜி என்பது பொதுவழக்கு. 1966-இல் தாதர் நிலையத்தின் வெளியே அசோக் வைத்யா என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் வடா பாவ், மேலும் மலிவாக அப்பசியை ஆற்றியது. இரண்டிலும் உருளைக்கிழங்கே உயிர். ஜைன இளைஞர் தோழரோடு கடை முன் நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருந்தது.

அப்போது தெருக்கடைக்காரர் செய்த மாற்றம் எளியது. உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு வாழைக்காயை மசித்து இட்டார். வெங்காயம், பூண்டு இன்றித் தக்காளியாலும் மசாலாவாலும் சுவை கூட்டினார். அதற்கு ‘ஜைன் பாவ் பாஜி’ என்று பெயரும் எழுதி வைத்தார். இதனை முதலில் செய்தவர் எவர் என்பதற்குப் பலர் உரிமை கோரலாம். ஆனால் அச்சொல் அங்கே நிற்கவில்லை. சாண்ட்விச், பேல்பூரி, பீட்சா, மசாலா தோசை என எல்லாவற்றின் முன்னும் ‘ஜைன்’ என்னும் அடைமொழி ஏறியது. சமயப் பெயர் ஒன்று சமையற்குறிப்பாக மாறியது வியப்பே. ஒருபுறம் மகிழத்தக்கது: கேட்பவரின் நெறியை ஒரே சொல்லில் கடைக்காரர் உணர்ந்து கொள்கிறார், அவர் இந்துவோ இசுலாமியரோ, கரண்டியைத் தனியே வைத்துச் சமைத்துத் தருகிறார். மறுபுறம், வெங்காயம் இன்மையே ஜைனம் என்று அந்நகரத்துச் சிறுவர் எண்ணிக்கொள்ளவும் இடமாகின்றது. உயிர்க்கு ஊறு செய்யாமையும் அளவறிந்து உண்ணலும் உணவுப்பட்டியலில் எழுதத்தக்கன அல்லவே! நள்ளிரவில் நெய் வழிய உண்ணும் ‘ஜைன்’ பாவ் பாஜியை அப்பெயர் காப்பாற்றாது.

இவ்விணக்கம் எப்போதும் சீராக இருந்ததும் இல்லை. 2015-ஆம் ஆண்டு பர்யூஷணக் காலத்தில் மும்பையில் இறைச்சி விற்பனைத் தடை அறிவிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு மூண்டது. அரசியல் கட்சிகள் தெருவிலேயே இறைச்சி விற்றுக் கண்டனம் தெரிவித்தன. உயர் நீதிமன்றம் நகரில் விற்பனைத் தடையை நிறுத்தி வைத்தது. அந்நாட்களில் ஜைனர் மீது எழுந்த கசப்புச் சொற்கள் முன்னர் அந்நகரில் அவ்வளவாகக் கேட்கப்படாதவை. ஆணையின்றி, வாழைக்காய் மசித்த தெருக்கடைக்காரரால் வந்த மதிப்பு, ஆணையால் வரவில்லை.

எஞ்சியது இரவுண்ணாமை. உணவின் பொருளைக் கடைக்காரர் மாற்றித் தரலாம்; பொழுதை மாற்ற இயலாது. மும்பையில் நவம்பர் இறுதியில் ஏறத்தாழ 6 மணிக்கே கதிரவன் மறையும். ஜூலைத் தொடக்கத்தில் 7.20 வரை ஒளி நிற்கும். அலுவலகமோ ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் முடிவது. புறநகர் ரயிலில் ஒரு மணி நேரம் நின்று வீடு சேர்பவர் குளிர்காலத்தில் அந்நெறியைக் காப்பது அரிது. இதற்கெனவே ஜைன அறக்கட்டளைகள் வணிகர் கூடும் பகுதிகளில் ‘சோவிகார்’ இல்லங்களை நடத்துகின்றன. காலபாதேவி போன்ற பழைய கடைத்தெருக்களில் மாலை வேளையில் கணக்கர்களும் கடைப் பணியாளர்களும் அங்கே விரைந்து சென்று, ரொட்டியும் பருப்பும் கிச்சடியும் உண்டு, நீர் அருந்தி முடித்து, மீண்டும் கடைக்குத் திரும்புவர். அங்கே நெடுநேரம் அமர்வார் இல்லை, உரையாடலும் குறைவு. ஜைன ஆலயங்களின் வாயிற்பலகையில் அன்றைய கதிரவன் தோற்றமும் மறைவும் மணி, நிமிடக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். உண்ணச் செல்வோர் அதனை ஒருமுறை பார்த்துவிட்டே படியேறுகின்றனர்.