எளிதில் திறக்கும் மடக்குக் கத்தி: பார்த்து வாங்குவது எப்படி?

ஒட்டுக் கட்ட, பதியன் போட, சணல் கயிறு அறுக்க, சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உர மூட்டை பிரிக்க என்று தோட்டத்தில் மடக்குக் கத்திக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. வாங்கும்போது கூர்மையையும் விலையையும் பார்க்கிறோம். கத்தி எப்படித் திறக்கிறது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை.

மடக்குக் கத்தியில் பெரும்பாலும் கை அறுபடுவது திறக்கும்போதும் மடக்கும்போதும்தான். காய்ப்பு ஏறிய விரல், தேய்ந்த நகம், ஈரக் கை, மூட்டுவலி இருப்பவர்களுக்கு இறுக்கமான கத்தி பெரும் தொல்லை. முக்கித் திறக்கும்போது அலகு சட்டென்று விடுபட்டு விரலைக் கிழித்துவிடும். சிலர் பல்லால் கடித்து இழுப்பார்கள். பல் உடைவது ஒரு பக்கம். பூச்சிமருந்து பட்ட கத்தியை வாயில் வைப்பது அதைவிட ஆபத்து.

கத்தி ஏன் இறுக்கமாக இருக்கிறது?

சாதாரண பேனாக்கத்தியின் பிடிக்குள், முதுகுப் பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். அலகின் அடிப்பகுதியை அது அழுத்திப் பிடிப்பதால்தான் சட்டைப் பையில் கத்தி தானாகத் திறப்பதில்லை. வெட்டும்போது எளிதில் மடங்குவதும் இல்லை. அதே ஸ்பிரிங் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் திறப்பது கடினம். புதுக் கத்தியில் இது வழக்கம். பழைய கத்தியில் துரு, மண், செடியின் பால், கறை ஆகியவை அச்சில் சேர்ந்து இறுகச் செய்கின்றன.

திறக்கும் முறையில் 4 வகைகள்

1. நகக்குழி: அலகின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குச் சிறு பள்ளம் இருக்கும். சுவிட்சர்லாந்து ராணுவத்துக்காக 1891 முதல் செய்யப்பட்ட மடக்குக் கத்தி முதல் நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பேனாக்கத்தி வரை இந்த முறை பரவலாக உள்ளது. நகம் வலுவாக இருந்தால் சரி. குழி நீளமாகவும் ஆழமாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

2. பிடியில் அரைவட்ட வெட்டு: பிடியின் இரு பக்கமும் பிறை வடிவில் சிறிது வெட்டப்பட்டிருக்கும். அதன் வழியே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அலகைக் கிள்ளிப் பிடித்து இழுக்கலாம். நகமே தேவையில்லை. வயதானவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் மிகவும் ஏற்றது இதுதான்.

3. வால் நெம்பு: அலகின் அடிப்பகுதி ஒரு வால் போலப் பிடிக்கு வெளியே நீண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு எழும்பும். ஜப்பானின் மிக்கி நகரில் 1890-களில் தோன்றிய ஹிகோனோகாமி கத்தி இந்த வகை. இதில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. வெட்டும்போது கட்டைவிரலை வால் மீது வைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

4. வளையப் பூட்டு: பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி, அங்குள்ள விவசாயிகளின் கத்தியாகப் பெயர் பெற்றது. இதிலும் முதுகு ஸ்பிரிங் கிடையாது. 1955-இல் சேர்க்கப்பட்ட இரும்பு வளையத்தைத் திருப்பினால் திறந்த அலகு அப்படியே பூட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் மரப்பிடி ஈரம் குடித்து உப்பி அலகைக் கவ்விக்கொள்வது இதன் குறை. அப்போது வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிமுனையை மேசை ஓரத்தில் லேசாகத் தட்டுவார்கள். அலகின் நுனி சற்று வெளியே வரும். பிறகு விரலால் பிடித்துத் திறக்கலாம்.

ஒட்டுக் கட்டுபவர்கள் கவனிக்க

மா, சப்போட்டா போன்றவற்றில் ஒட்டுக் கட்ட நேரான, மெல்லிய அலகு வேண்டும். ரோஜாவில் மொட்டு கட்ட, பட்டையை நெம்பித் தூக்கும் நாக்கு உள்ள கத்தி வசதி. பல ஒட்டுக் கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடித்திருக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் தங்கள் கைக்கு ஏற்றதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வெட்டு கோணலாகி, ஒட்டு சேராமல் போகும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

நாற்றங்கால் கருவிகள் விற்கும் கடை, விவசாயக் கருவிக் கடை, இரும்புக் கடை ஆகியவற்றில் கேட்டுப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். கையில் வாங்கி இவற்றைச் செய்யுங்கள்:

- 5 முறை திறந்து மடக்குங்கள். நகம் வலித்தால் வேறு கத்தி கேளுங்கள்.
- விரலை லேசாக நனைத்துக்கொண்டு ஒரு முறை திறந்து பாருங்கள். வயலில் கை எப்போதும் காய்ந்திருக்காது.
- திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள். ஆடினால் அச்சு தளர்வு.
- மடக்கிய கத்தியைக் கவிழ்த்து உதறுங்கள். அலகு தானாக வெளியே வந்தால் பைக்கு ஆகாது.
- மடக்கிய நிலையில் வெட்டும் வாய் முழுவதும் பிடிக்குள் மறைகிறதா என்று பாருங்கள்.

பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி வயலுக்குத் தேவையில்லை. பைக்குள் தவறி அழுந்தினாலும் திறந்துகொள்ளும், போலீஸ் சோதனையிலும் வீண் சிக்கல்.

இருக்கும் கத்தியை இலகுவாக்க

புதிது வாங்கும் முன் பழையதைச் சுத்தம் செய்து பாருங்கள். ஸ்பிரிங் கத்தியாக இருந்தால் அச்சில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் உள்பக்க அழுக்கைத் தேய்த்து எடுங்கள். நன்றாகத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் 2 சொட்டு விட்டு, பல முறை திறந்து மடக்குங்கள். பெரும்பாலான கத்திகள் இதிலேயே இளகிவிடும். மரப்பிடி உப்பியிருந்தால் நிழலில் உலர்த்துங்கள். அடுப்பின் அருகே வைத்தால் பிடி வெடிக்கும்.

மரப்பிடியில் அரைவட்ட வெட்டு இல்லையென்றால், பட்டறையில் அரம் கொண்டு போட்டுக்கொள்ளலாம். நகக்குழிக்கு நேராக, அலகின் முதுகை ஒட்டிய பகுதி மட்டும் தெரியும் அளவுக்கு ராவினால் போதும். ஆழம் அதிகமானால் வெட்டும் வாய் வெளியே தெரிந்து கையைப் பதம் பார்க்கும். எந்த வேலைக்கும் அலகை நெருப்பில் காட்டக் கூடாது. பதம் போனால் கூர் நிற்காது.

கையாளும்போது

- திறக்கும்போது வெட்டும் வாயின் பாதையில் விரல் இருக்கக் கூடாது. மடக்கும்போது உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளுங்கள்.
- பூட்டு இல்லாத கத்தியால் குத்தித் துளைக்க வேண்டாம். அலகு மடங்கி விரல் மீது விழும்.
- நோயுற்ற செடியில் பட்ட கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.
- வேலை முடிந்ததும் துடைத்து, அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து மடக்குங்கள்.
- விமானத்தில் செல்வோர் கைப்பையில் கத்தி வைக்க அனுமதி இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் அவர்களையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். உங்கள் விரலுக்கு இலகுவாகத் திறக்கும் கத்தி அவர்கள் விரலுக்கு இறுக்கமாக இருக்கலாம்.