பல் அடைப்பு

சொத்தையாலோ தேய்மானத்தாலோ பல்லில் விழுந்த குழியைச் சுத்தம் செய்து, தகுந்த பொருளால் நிரப்பி, அந்தப் பல்லை மீண்டும் மெல்லுவதற்கு உதவச் செய்யும் சிகிச்சை. எதைக் கொண்டு அடைப்பது என்பதற்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொன்னது. நெடுநாள் தாங்கும் பொருளைத் தேடத் தொடங்கிய பல் மருத்துவம், இன்று நல்ல பல்லை அதிகம் மிச்சம் வைக்கும் பொருளைத் தேடுகிறது.

தொடக்க காலம்

பலூசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கரின் கற்காலக் கல்லறைகளில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் துளையிடப்பட்ட 11 கடைவாய்ப் பற்கள் கிடைத்தன. சுலோவேனியாவில் கிடைத்த சுமார் 6,500 ஆண்டுப் பழைய கோரைப்பல் ஒன்றில் தேன்மெழுகு இருந்தது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் சொத்தைக் குழியை வெல்லத்தாலோ மெழுகாலோ நிரப்பிச் சூடு வைக்கச் சொல்கிறது. வலியை அடக்குவதே அன்று முதல் தேவையாக இருந்தது.

வெள்ளி அடைப்பு

பாதரசத்துடன் வெள்ளி, தகரம், செம்பு ஆகியவற்றின் பொடியைக் குழைத்தால் அமால்கம் கிடைக்கும். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். சீனாவில் 659-ஆம் ஆண்டின் மருத்துவ நூலிலேயே இதைப் போன்ற ஒரு குழைவு குறிப்பிடப்படுகிறது. 1826இல் பாரிஸில் ஒகுஸ்த் தாவோ இதைப் பயன்படுத்தினார். 1840-களில் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் இதை ஏற்பதா விலக்குவதா என்று இரு அணிகளாகப் பிரிந்தனர். 1890-களில் ஜி. வி. பிளாக் உலோக விகிதத்தைச் சீர்படுத்திய பின்னர் அமால்கம் உலகெங்கும் நிலைபெற்றது.

அந்நாளில் மருத்துவர்கள் சிறு கல்வத்தில் பொடியையும் பாதரசத்தையும் அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து மிகுதிப் பாதரசத்தை வெளியேற்றிய பிறகு குழியில் திணித்தனர். அமால்கம் மலிவானது, உறுதியானது, ஈரம் பட்டாலும் பெரிதாகக் கெடாது. ஆனால் பல்லோடு ஒட்டாது. அதனால் குழியின் அடியை வாயைவிட அகலமாக வெட்ட வேண்டும். சொத்தை சிறிதானாலும் நல்ல பல்லையும் சேர்த்து இழக்க நேர்ந்தது.

ஒட்டும் பொருள்கள்

1955இல் மைக்கேல் புவோனகோர், பற்சிப்பியின் மேல் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் பிசின் உறுதியாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1962இல் ரஃபேல் போவன் புதிய பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டிலிருந்தும் பல் நிறத்துக் காம்போசிட் வளர்ந்தது. அமிலம் பட்டுக் கழுவி உலர்த்திய பற்சிப்பி சுண்ணாம்பு வெண்மையாகத் தெரியும். அதன் மேல் ஒட்டுத் திரவம் பூசி, பிசினைச் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றையும் நீல ஒளியால் இறுக்குவார்கள். இடையே எச்சில் பட்டால் ஒட்டு கெடும்.

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வில்சனும் கென்ட்டும் கண்ணாடி அயனோமரை உருவாக்கினர். பேச்சு வழக்கில் 'சிமெண்ட்' என்பது பெரும்பாலும் இதுவே. இது பல்லோடு வேதிமுறையில் ஒட்டும், ஃபுளோரைடு கசியும். மெல்லும் விசையைத் தாங்குவதில் காம்போசிட்டைவிடப் பலவீனமானது. 1980-களில் தான்சானியாவில், மின்சாரமும் துளைக்கருவியும் இன்றிக் கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டி எடுத்து இதனால் அடைக்கும் முறை உருவானது.

தமிழ்நாட்டில்

ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. பட்டதாரிகள் பெருகியதும் பல் மருத்துவம் பெருநகரங்களிலிருந்து குடியிருப்புகளுக்கு வந்தது. திருச்சி கே.கே. நகர் போன்ற பகுதிகளின் தனியார் பல் மருத்துவமனைகளில் இன்று வழக்கமாகக் கிடைப்பவை காம்போசிட்டும் கண்ணாடி அயனோமரும்தான்.

தேர்வு

முன்பற்களுக்கும், ஈரமின்றி வைத்திருக்கக்கூடிய கடைவாய்ப் பற்களின் சிறு, நடுத்தரக் குழிகளுக்கும் காம்போசிட் ஏற்றது. ஈறோரத் தேய்மானத்துக்கும், அடிக்கடி சொத்தை வருபவர்களுக்கும், வாயைத் திறந்து நெடுநேரம் உட்காராத குழந்தைகளின் பால்பற்களுக்கும் கண்ணாடி அயனோமர் பொருந்தும். பல்லின் பெரும்பகுதி போய்விட்டால் அடைப்பு நிற்காது, 'கேப்' தேவைப்படும். குளிர்ச்சி பட்டுக் கூசி உடனே அடங்கினால் பெரும்பாலும் அடைப்பு போதும். இரவில் தானாக எழும் வலி பற்கூழ் பாதிக்கப்பட்டதைக் காட்டலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் சிகிச்சை தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். விலையை மட்டும் வைத்தோ நிறத்தை மட்டும் வைத்தோ முடிவெடுப்பது பல்லுக்கு நியாயமாகாது. குழியின் இடம், அளவு, ஈரம், நோயாளியின் வயது ஆகிய நான்கும் தேர்வை எப்படி மாற்றுகின்றன என்று மருத்துவரிடம் கேட்டு அறிவது நோயாளியின் உரிமை.

பாதரச விலக்கு

கொடைக்கானலின் பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டபோது பாதரசக் கழிவின் கேட்டைத் தமிழ்நாடு நேரில் கண்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உருவான பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை அமால்கம் பயன்பாட்டையும் குறைக்கச் சொன்னது. இந்தியா 2018இல் அதை ஏற்புறுதி செய்தது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், 2034-க்குள் அமால்கத்தை முற்றிலும் கைவிட ஒப்புக்கொண்டன. ஆயினும் பழைய வெள்ளி அடைப்பு நல்ல நிலையில் இருந்தால், பயந்து அதைப் பெயர்க்க வேண்டியதில்லை. பெயர்க்கும்போது பாதரச ஆவி கூடுவதோடு, காப்பாற்ற வந்த நல்ல பல்லும் தேய்ந்துபோகும்.