துணைப்பாடமாக வந்த தொடர்பாடல்

தொடர்பாடல் இன்று தனித்துறையாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆயினும் உயர்பட்ட ஆய்வுக்குள் அது நுழைந்தது துணைப்பாடம் என்ற சிறு வாசல் வழியாகத்தான் என்பதை நம்மிற் பலர் அறியார்.

அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1908 இல் தனி இதழியற் பள்ளி எழுந்தது. மாணவர் பத்திரிகை நடத்தியே தொழில் பழகினர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் பிளேயர் கண்ட வழி வேறு. ஆங்கில இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1920களில் அரசறிவியல், சமூகவியல் போன்ற துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்றோர் இதழியலைத் துணைப்பாடமாகக் கொள்ள வழிசெய்தார். அத்துறைகளின் ஆய்வுமுறைகள் பத்திரிகையையும் ஆராயத் துணைநின்றன. அவ்வழி வந்த ரால்ஃப் கேசி மினசோட்டாவிலும், சில்டன் புஷ் ஸ்டான்ஃபோர்டிலும் இதழியற் கல்விக்குத் தலைமை தாங்கினர். பிளேயர் 1935 இல் மறைந்தார். பின்னர், 1943 இல் அயோவா இதழியற் பள்ளியின் பொறுப்பை ஏற்ற வில்பர் ஷ்ராம், தொடர்பாடலைத் தனி ஆய்வுத்துறையாக வளர்த்தார். அவரும் இலக்கியம் கற்றவரே.

கலைப்பட்டத்துடன் ஆசிரிய பீடத்துள் நுழைந்த எனக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. செய்தியின் முதற்பந்தியை எழுதும் முறையைப் புதியவருக்குச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். வரவு செலவுத் திட்டத்தையோ அரசியலமைப்புத் திருத்தத்தையோ வாசித்து, அதனுள் மறைந்திருப்பதைக் கண்டுகொள்ளும் அறிவை அவ்வாறு ஊட்டிவிட முடியாது. பொருளியலும் வரலாறும் அரசறிவியலும் பல ஆண்டுகளில் தரும் செல்வம் அது.

ஆதலால், ஊடகத்துறைக்கு வர விரும்பும் இளையோருக்கு நான் சொல்வது ஒன்றே. தொடர்பாடலைக் கற்றுக்கொள்ளுங்கள். அதனுடன், எதைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அதையும் ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.