அரைக்கால்

குன்னத்தூரில் 'நூல்' என்றால் முதலில் பனியன் நூல்தான். அதே ஊர்க் கம்பிக் கடையில் 'மூணு நூல் கம்பி' கேட்டால் அது அளவு. அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். அதில் பாதி அரை நூல், பதினாறில் ஒன்று. 'அரை நூல்' என்று சொல்லும்போதே கொத்தனார் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிவிட்டார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு சொற்களை ஒட்டுவது மட்டுமே.

இந்த ஒட்டுக்குப் பழைய சான்று 'அரைக்கால்'. (அரைக்கால் சட்டையின் கால் வேறு.) அரையும் காலும் கூடினால் முக்கால். அரைக்கால் என்பதோ காலில் அரை, அதாவது 1/8. அரைமா 1/40, அரைக்காணி 1/160 எல்லாம் இதே வழிதான். கூட்ட வேண்டிய இடத்தில் தமிழ் ஏகாரம் போடும்: காலே அரைக்கால் 3/8, முக்காலே மூணு வீசம் 15/16 (வீசம் 1/16). ஒட்டினால் பெருக்கல், ஏகாரம் வந்தால் கூட்டல். எனக்கு இது இலக்கணமாகவும் கணக்காகவும் ஒருங்கே தெரிகிறது. மாகாணி இதிலிருந்து விலகி நிற்கிறது: மா 1/20, காணி 1/80, இரண்டும் கூடி 1/16.

மா எண்ணும்தான், நிலமும்தான். வேலியில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நிலத்தை வேலி, மா, காணி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழே போய் எழுதுகின்றன. முந்திரி 1/320. அதற்கும் சிறியதைச் சொல்ல 'கீழ்' என்ற சொல்லை முன்னே வைத்தார்கள்; அதுவும் ஒரு பெருக்கலே. கீழ் முந்திரி என்றால் 1/320இல் 1/320, அதாவது 1/1,02,400.

நீளத்தை அகலத்தால் பெருக்கினால் வருவது குழி. நிலமளக்கப் பயன்பட்ட அந்தச் சொல் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குள் வாய்பாடாக வந்தது. எண்சுவடி என்னும் வாய்பாட்டுச் சுவடியின் குழிமாற்றுப் பகுதியில் முழு எண்ணை அதே எண்ணால் பெருக்குவது பெருங்குழி, பின்னத்தை அதே பின்னத்தால் பெருக்குவது சிறுகுழி. மாவை மாவால் பெருக்கினால் 1/400. பழைய முறையில் அது கீழ் முக்காலே ஒரு மா: முக்காலே ஒரு மா 4/5, அதை 320ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். இதைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள்.

இன்று வகுப்பில் மேலெண்ணை மேலெண்ணாலும் கீழெண்ணைக் கீழெண்ணாலும் பெருக்கச் சொல்கிறோம். பெருக்கியும் விடை ஏன் சிறுத்தது என்று பிள்ளை விழிக்கிறது. விதிக்கு முன்னால் அரைக்காலைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். காலில் அரை காலைவிடச் சிறியது என்று பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியிராது.